கோடியக்கரையில் எங்கே நின்று எதைப் பார்ப்பது?

சென்ற ஜனவரியில் குடும்பத்துடன் கோடியக்கரைக்குப் போய்வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காலை பத்து மணிக்குச் சேர்ந்து, காட்டுக்குள் வண்டியில் ஒரு சுற்றுப் போய், வெளிமானையும் குதிரையையும் பார்த்துவிட்டு, சதுப்பின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்கள். தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததைப் பூநாரை என்று யாரோ காட்டினார்கள். அருகே மேய்ந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சாம்பல் நிறக் குருவிகளாகத் தோன்றின. மறுபடி போகலாமா, எந்த மாதம் போவது, எங்கே நிற்பது, அந்தச் சிறு பறவைகளை எப்படிப் பிரித்தறிவது, என்ன கருவி வாங்குவது என்பவை உங்கள் கேள்விகள். பல ஆண்டுகளாக அந்தக் கரைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் போன மாதத்தில் தவறில்லை, போன நேரமும் நின்ற இடமும்தான் பொருந்தவில்லை. அங்கே பறவையைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்கப் பழக வேண்டும். எந்த இடத்தில் எத்தனை விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது தெரிந்தால், எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் குழம்புவது இதில்தான். வடக்கிலிருந்து தெற்காக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை கோடியக்கரையில் ஏறத்தாழச் செங்கோணத்தில் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அந்த முனையில் இருப்பது பாலை மரமும் உகாவும் முட்புதரும் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடும், அதை ஒட்டிய புல்வெளியும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது முதன்மையாகக் கருதப்பட்டது இந்தக் காடும் அதிலுள்ள வெளிமான்களும். காட்டுக்கு வெளியே, மேற்கு நோக்கி முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரையில் பாக் நீரிணையின் கரையோரமாக நீண்டு கிடப்பதுதான் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது காடு, சதுப்பு, அலையாத்தி, உப்பளத்தின் பகுதி எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர் கணக்கில் வந்தது. அதன் பிறகு இருபது ஆண்டு காலம் தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடம் இதுதான். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் காட்டைச் சுற்றிவிட்டு, ‘பறவைகள் சரணாலயம் என்றார்கள், பறவையே இல்லையே’ என்று சலித்துக்கொண்டு திரும்புகிறார்கள். நீர்ப்பறவைகளில் பெரும்பகுதி அந்தக் காட்டில் இல்லை. வேதாரண்யத்திலிருந்து தெற்கே வரும் சாலையின் மேற்குப் பக்கம் விரியும் சதுப்பிலும் உப்பளப் பாத்திகளிலும்தான் இருக்கிறது. நீங்கள் கடந்து வந்துவிட்டீர்கள்.

இந்தச் சதுப்பை ஏரி என்று நினைக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றினாற்போன்ற பரப்பு அது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, தை மாசியில் வடியத் தொடங்கி, கோடையில் பல இடங்களில் வெள்ளை உப்புப் பூத்த வெறும் தரையாகிவிடும். பாக் நீரிணையில் கடலின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஆகவே வேறு கடற்கரைகளில் உள்ளதுபோல ஓத நேரப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போவதில் இங்கே அதிகப் பயன் கிடையாது. தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டு நாள் வாடை தொடர்ந்து வீசினால் ஆழமற்ற தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் ஈரச் சேறு திறந்துகொள்ளும். நேற்று ஆயிரம் பறவை நின்ற இடத்தில் இன்று ஒன்றுமில்லை என்றால், அவை ஊரை விட்டுப் போய்விடவில்லை; தங்கள் காலுக்கு ஏற்ற ஆழம் இருக்கும் இடத்துக்கு மாறியிருக்கின்றன.

எல்லாம் கால் நீளக் கணக்குத்தான். முழங்கால் ஆழமுள்ள தண்ணீரில் பூநாரை நிற்கும். அதைவிடக் குறைந்த ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் மேயும். ஒரு சாண் தண்ணீருக்கும் குறைவானால் பச்சைக்காலியும் பவளக்காலியும் வரும். இரண்டு மூன்று விரல் ஆழத்தில் வளைமூக்கு உள்ளான் வயிறு நனைய நின்று குத்திக்கொண்டிருக்கும். தண்ணீர் விளிம்பின் ஈரச் சேறு கொசு உள்ளானுடையது. விளிம்பைத் தாண்டி, மேலே காய்ந்து வெடிக்கத் தொடங்கிய தரையில் உப்புக்கொத்திகள் ஓடித் திரியும். அலகு நீளமும் ஏறத்தாழ இதே வரிசையில் குறைந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். ஆழச் சேற்றில் இருக்கும் புழுவை எட்டுகிற அலகு ஒன்று, மேற்பரப்பில் ஊர்வதைக் கொத்துகிற அலகு ஒன்று. ஒரே சேற்றில் பத்து இனம் சண்டையில்லாமல் வயிறு வளர்ப்பது இதனால்தான். கரையில் நின்று பறவையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்தால், நாற்பது சாத்தியங்கள் நான்காகக் குறைந்துவிடும்.

மாதத்தைப் பற்றி. பலரும் நினைப்பதுபோல வலசைப் பறவை நவம்பரில் வந்து பிப்ரவரியில் போவதில்லை. வடதுருவத்தை ஒட்டிய, மரமற்ற குளிர்நிலமான தூந்திரத்தில் கூடு கட்டும் உள்ளான்களில் முதிர்ந்தவை ஆகஸ்டிலேயே வந்துசேரத் தொடங்கும்; அந்த ஆண்டு பிறந்த இளசுகள் பெற்றோரின் துணையின்றித் தாமே வழிகண்டு சில வாரம் கழித்து வரும். நான்கு விரற்கடை நீளமுள்ள உடம்பு, ஒருமுறைகூடப் பார்த்திராத கரைக்குத் தனியே வந்து இறங்குவதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. செப்டம்பர், அக்டோபரில் காட்டுப் பறவைகளின் வரவு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். நவம்பர், டிசம்பரில் மழையும் புயலும். சதுப்பில் தண்ணீர் ஏறிவிடுவதால் குட்டைக் கால் பறவைகள் சிதறிப் போகும், வாத்துகளுக்கு நல்ல காலம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அப்போது கூட்டமாகத் தெரியும். ஜனவரியும் பிப்ரவரியும் எண்ணிக்கை மிகுந்த மாதங்கள். ஆனால் என்னிடம் ஒரே ஒரு பயணத்துக்கு விடுப்பு இருந்தால் மார்ச் கடைசி வாரத்தையோ ஏப்ரல் முதல் வாரத்தையோ எடுத்துக்கொள்வேன். தண்ணீர் வற்றி, பறவைகள் எஞ்சிய குட்டைகளில் நெருங்கி நிற்கும். அதைவிட முக்கியமானது, அவை உடை மாற்றத் தொடங்கியிருக்கும். உங்களுக்குச் சாம்பலாகத் தெரிந்த வளைமூக்கு உள்ளான், கிளம்பும் முன் முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. பாதி மாறிய பறவை, முழுதும் மாறியது, மாறாமல் இன்னும் சாம்பலாகவே இருப்பது என மூன்று நிலைகளையும் ஒரே குட்டையில் பார்க்கலாம். அந்த ஆண்டு இனப்பெருக்கத்துக்குப் போகாத இளம் பறவைகள் சில கோடையிலும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

நேரம் இன்னும் முக்கியம். வேதாரண்யம்–கோடியக்கரைச் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. சதுப்பு அதன் மேற்கே இருக்கிறது. காலையில் சாலையோரம் நின்றால் கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் வெளிச்சத்தைப் போடுவான். மாலையில் அதே இடத்தில் நின்றால் கண் கூசும், பறவையெல்லாம் கரிக்கட்டையாகத் தெரியும். அதோடு, ஒன்பதரை மணிக்கு மேல் சேற்றிலிருந்து எழும் வெப்பக் காற்றில் தொலைவில் உள்ளதெல்லாம் நீரில் கரைவதுபோல நெளியத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்த தொலைநோக்கியாலும் அதை வெல்ல முடியாது. நீங்கள் பத்து மணிக்குப் பார்த்த வெள்ளைக் கோடு, ஆறரை மணிக்கு இளஞ்சிவப்புக் கால்களும் வளைந்த கழுத்துகளுமாகப் பிரிந்து தெரிந்திருக்கும். ஆறு மணிக்குள் சாலையோரத்தில் இருங்கள், ஒன்பதரை வரை அங்கேயே இருங்கள், வெயில் ஏறிய பிறகு காட்டுக்குள் போங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி அந்தச் சாம்பல் நிறக் குருவிகள். முதல் நாளே பெயர் வைக்க முயல வேண்டாம். மேய்கிற விதத்தை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். நாலு எட்டு விறுவிறுவென ஓடி, சட்டென நின்று, ஒன்றைக் கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. அதன் கண் பெரியது, அலகு குட்டை. பார்த்து வேட்டையாடுகிற பறவை. ஓடி நிற்காமல், தலையைக் குனிந்தபடியே நடந்துகொண்டு சேற்றை ஓயாமல் குத்துவது உள்ளான். அது தொட்டுணர்ந்து தின்கிறது. இந்த ஒரு வேறுபாடு கைவந்தால் மற்றது தானாக வரும்.

உப்புக்கொத்திகளில் இந்தக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இரண்டையே பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கழுத்தின் பின்புறம் வெள்ளைப் பட்டை முழுதாகச் சுற்றிவந்தால் அது கெண்டிஷ் உப்புக்கொத்தி. பின்கழுத்தில் வெள்ளை இல்லாமல் பழுப்பே தொடர்ந்தால் அது மணல் உப்புக்கொத்தி. பறவை திரும்பி நிற்கும்வரை காத்திருங்கள், முன்பக்கம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மணல் உப்புக்கொத்தியை அண்மையில் ஆய்வாளர்கள் இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரைக்கு வருவது பெரும்பாலும் திபெத்தையும் மத்திய ஆசிய மேட்டுநிலங்களையும் சேர்ந்தது. வருகிறதையெல்லாம் ‘சைபீரியாவிலிருந்து வந்தது’ என்று சொல்லிவிடும் வழக்கம் நமக்கு உண்டு. பழுப்புத்தலைக் கடற்புறா லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் கூடு கட்டுவது. அதற்கு நம் ஊரில் இருக்கும் காலத்தில் தலை பழுப்பாகவே இருக்காது, காதருகே ஒரு கரும்புள்ளி மட்டும் தெரியும். மார்ச் மாதம் வந்தால்தான் பெயருக்குப் பொருத்தமாகத் தலை நிறம் மாறும். பெயர் வைத்தவர்கள் குளிர்காலத்தில் பார்க்கவில்லை போலும்.

உள்ளான்களில் மிகச் சிறியது கொசு உள்ளான். சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறிய உடம்பு, கறுத்த கால், நேரான குட்டை அலகு. ஒரு ஜனவரிக் காலையில், வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, ஏழெட்டுக் கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டே சாலை விளிம்பு வரை வந்துவிட்டன. ஒன்று எனக்கு ஆறடி தொலைவில் இருந்தது. உப்பு ஒட்டிய அதன் காலில் சேறு காலுறைபோலப் படிந்திருந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை குத்துகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் எண்ண முடியாமல் தவறவிட்டேன். ஒவ்வொரு குத்துக்கும் இரை கிடைப்பதில்லை என்பதும், கிடைக்கும்போது தொண்டை ஒரு துளி அசைவதும் அவ்வளவு அருகில்தான் தெரியும். அதன் பக்கத்தில் நின்ற வளைமூக்கு உள்ளான் ஒன்றரைப் பங்கு நீளம். அலகின் நுனி கீழே மென்மையாக வளைந்திருக்கும். உரலில் குத்துவதுபோல ஒரே இடத்தில் ஐந்தாறு முறை குத்திவிட்டு ஓர் அடி நகரும். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

இவற்றுக்கு மேலே, பவளக்காலியைக் காதால் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் கதவைத் திறந்த மாத்திரத்தில் மூன்று சீழ்க்கை அடித்துக்கொண்டு முதலில் பறந்து, சேற்றில் உள்ள எல்லாரையும் எழுப்பிவிடுவது அதுதான், ஊர்க்காவல் வேலை. சிவந்த காலும், பறக்கையில் சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளையும் அடையாளம். பச்சைக்காலிக்கு அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். டெரெக் உள்ளானுக்கு அந்த வளைவு இன்னும் வெளிப்படை. குட்டையான மஞ்சள் கால், உடம்பைத் தாழ்த்திக்கொண்டு குடிபோதையில் ஓடுவதுபோல நண்டுக் குஞ்சுகளைத் துரத்தும், பிடித்ததைச் சில நேரம் தண்ணீரில் அலசிவிட்டு விழுங்கும். அதைப் பார்க்கக் கிடைத்தால் வேறு எதையும் தேடாமல் கால் மணி நேரம் அதையே பாருங்கள்.

கரண்டிமூக்கு உள்ளான் என்ற பறவை இங்கே முன்னாளில் பதிவாகியிருக்கிறது. உலகத்திலேயே இன்று சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கருதப்படும் அது, பார்வைக்குக் கொசு உள்ளானைப் போலவே இருக்கும். அலகின் நுனி மட்டும் கரண்டியாக அகன்றிருக்கும். நான் கண்டதில்லை, காண்பேன் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. ஆயினும் ஒவ்வொரு கொசு உள்ளானின் அலகையும் பார்க்காமல் விடுவதில்லை.

பூநாரையைப் பற்றிக் கேட்டீர்கள். அது கூட்டமாக நிற்பதைவிட மேய்வதைப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு தரைப்பக்கம் வருமாறு தண்ணீரில் அமிழ்த்தி, நாக்கை உந்துகட்டைபோல முன்னும் பின்னும் இழுத்துச் சேற்றுநீரை உறிஞ்சி, அலகின் ஓரத்துச் சல்லடையில் சிறு உயிர்களை வடித்துக்கொண்டு நீரை வெளியே தள்ளும். சில நேரம் களத்தில் பிணையல் மாடு சுற்றுவதுபோல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். தண்ணீர் வற்றிய பிறகு அந்த வட்டங்கள் தரையில் அப்படியே தெரியும். கூட்டத்தில் அழுக்குச் சாம்பலாகத் தெரிபவை இளம் பறவைகள். பாசியிலும், அதைத் தின்னும் சிறு இறாலிலும் உள்ள நிறமி உடம்பில் சேர்ந்து அவை சிவக்கச் சில ஆண்டுகள் ஆகும். எல்லா ஆண்டும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை; தண்ணீர் அளவு பிடிக்காவிட்டால் பழவேற்காட்டுக்கோ தனுஷ்கோடிக்கோ போய்விடும். பூநாரையை மட்டுமே நம்பிக் கோடியக்கரைக்கு வருகிறவர் ஏமாந்து திரும்ப வாய்ப்பு உண்டு.

உப்பளங்களைச் சொல்லாமல் இந்தச் சதுப்பைப் பற்றிப் பேச முடியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் உப்பு அள்ளியது இங்கே, அகஸ்தியம்பள்ளியில்தான். அதற்கு மிக முன்பிருந்தே உப்பு விளைந்த மண் இது. கடல்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிச் சுண்டவைத்து, கடைசிச் சிறு பாத்திகளில் உப்பை விளையவைப்பார்கள். முதல் தேக்கப் பாத்தியில் மீன் இருக்கும். அங்கே கூழைக்கடாவும் ஆலாவும் கொக்கும் கிடைக்கும். நடுப் பாத்திகளில் மீன் பிழைக்க முடியாத உப்பு. ஆனால் உப்புநீர் இறால் பெருகும், அதைத் தேடிப் பூநாரையும் உள்ளானும் வரும். கடைசிப் பாத்தியில் உப்பைத் தவிர ஒன்றும் கிடையாது, அங்கே நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆகவே உப்பளம் என்றாலே பறவைக்குக் கேடு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். சதுப்பின் பெரும்பகுதி தொழிற்சாலை அளவில் உப்புத் தேக்கமாக மாறுவதும், காவிரியின் கடைமடையிலிருந்து வந்து சேர வேண்டிய நல்ல தண்ணீர் குறைந்துபோனதும் ஒருசேர நடக்கும்போதுதான் கேடு. ஆற்றுநீர் வந்து உப்பைத் தணிக்காவிட்டால் சேற்றில் புழு வகைகள் குறையும். புழு குறைந்தால் உள்ளான் எதற்கு வரும்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980களில் இங்கே தங்கி ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டார்கள். அந்தக் காலத்துக் கூட்டங்களோடு ஒப்பிட்டால் இன்று நாம் பார்ப்பது மிகக் குறைவு. நீங்கள் கண்டு வியக்கும் கூட்டம் எஞ்சியதுதான் என்பது தெரிந்திருக்கட்டும்.

புயலும் தன் பங்கைச் செய்திருக்கிறது. பழைய சோழர் காலக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடம் 2004 ஆழிப்பேரலையில் விழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மான்களும் குதிரைகளும் பறவைகளும் மாண்டன. அடுத்த மாதம் போனபோது, வழக்கமாக நிழலில் நடக்கும் பாதையில் வானம் தெரிந்தது. மரம் விழுந்த வெளியில் சீமைக் கருவேலம் முந்திக்கொண்டு முளைக்கும் என்பதுதான் அங்கே எல்லாருக்கும் உள்ள கவலை.

காட்டைப் பற்றிச் சுருக்கமாக. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய, வடக்கிலிருந்து தெற்கே போகும் காட்டுப் பறவைகள் கடலைக் கண்டு இந்த முனையில் சில நாள் தங்குகின்றன. ஆறுமணிக் குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், காட்டு வாலாட்டி, குயில் வகைகள் முதலியவை கண்ணில் படும். ஆறுமணிக் குருவி விடியலிலும் அந்தியிலும் இருமுறை சீழ்க்கை அடிப்பதால் பெயர் பெற்றது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அத்தனை நிறமும் கொண்ட உடம்பை வைத்துக்கொண்டு சருகுக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. அக்டோபரில் போனால் சதுப்பைவிடக் காட்டுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கல் மேல் பாதம் பொறித்த இராமர் பாதம், நான்கு மீட்டர் உயரம்கூடத் தாண்டாத மேடுதான், ஆனால் இந்தத் தட்டையான நாட்டில் அதுவே குன்று. அங்கிருந்து சுற்றுவட்டம் தெரியும்.

நடந்துகொள்ளும் முறை பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, கருவால் மூக்கன் கூட்டத்தை நெருங்கிப் படம் எடுக்கும் ஆசையில் சாலையை விட்டுச் சேற்றில் இறங்கினேன். மேலே காய்ந்து உறுதியாகத் தெரிந்த தரை, இருபது அடி போனதும் முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. ஒரு செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. காலை இழுத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்துப் பறவை அத்தனையும் எழுந்து போய்விட்டது, படமும் இல்லை. செருப்பைவிடப் பெரிய இழப்பு பறவைகளுடையது. மார்ச்சில் ஒவ்வொரு உள்ளானும் நீண்ட பயணத்துக்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும். நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் காலை முழுதும் குத்தித் தின்றதில் ஒரு பகுதி அந்தப் பறத்தலிலேயே கரையும். வண்டியை விட்டு இறங்காமல் பார்ப்பது சோம்பேறித்தனம் அன்று, வண்டிதான் சிறந்த மறைவிடம். பறவைகள் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை, இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் உருவத்துக்குத்தான் அஞ்சுகின்றன. உப்பள வரப்புகளில் அனுமதி கேட்காமல் போக வேண்டாம். குழந்தைகளைக் கூட்டத்தை நோக்கி ஓடவிட்டு, பறப்பதைப் படம் எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பொறுத்திருந்தால் பொரி வல்லூறு ஒன்று மேலே தோன்றும்போது கூட்டம் தானே எழும்.

கருவிக்கு: 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) இருகண் நோக்கி ஒன்று போதும், 10 மடங்கு வேண்டாம், கடற்காற்றில் கை நடுங்கும்போது கூடுதல் பெருக்கம் கூடுதல் நடுக்கத்தையே காட்டும். சதுப்பைப் பொறுத்தவரை இருகண் நோக்கியைவிட முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கிதான் உண்மையில் வேலை செய்யும். விலை அதிகம் என்பதால் உடனே வாங்கச் சொல்லவில்லை; ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்தால், வைத்திருப்பவரின் தொலைநோக்கியில் இரண்டு நாள் பார்க்கக் கிடைக்கும், கூடவே பழகிய கண்ணும் கிடைக்கும். முக்காலியின் நடுக் கொக்கியில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிடுங்கள், காற்றில் சாயாது. காமிராவை முதல் இரண்டு மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்வேன், கேட்பவர்கள் குறைவு. ஒரு சிறு குறிப்பேட்டில் நேரம், காற்றுத் திசை, தண்ணீர் ஆழம், எந்த இனம் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். காலில் வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால், எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று அப்போதே குறித்துவிட வேண்டும். வண்டி ஏறிய பிறகு இடமா வலமா என்பது மறந்துபோகும்.

போய்ச் சேருவது எளிது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரையிலான ரயில் பாதை, அகலப்பாதையாக 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து பேருந்தும் உண்டு. ஆனால் எந்த ரயிலும் பேருந்தும் உங்களை ஆறு மணிக்குச் சதுப்போரத்தில் இறக்கிவிடாது. முந்தைய நாள் மாலையே வேதாரண்யத்துக்கு வந்து தங்கி, வாடகை வண்டிக்கு இரவே சொல்லிவைத்து, ஐந்தரைக்குக் கிளம்புங்கள். வனத்துறையின் ஓய்வு இல்லம் கோடியக்கரையிலேயே உள்ளது, முன்பதிவு வேண்டும். தண்ணீரும் சிற்றுண்டியும் கையோடு இருக்கட்டும். சாலையோரம் வண்டியை நிறுத்தியதும் இறங்காதீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பவளக்காலியின் சீழ்க்கை ஓயும்வரை ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, பிறகு இருகண் நோக்கியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள்.